மாநிலங்களவையில் நமக்கு எத்தனை இடம்?



எங்கள் சேரி இரவுப் பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைகளில் வாசிப்பு வட்டம் நடக்கும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி என்னை எங்கெல்லாம் இழுத்துக்கொண்டு போனது என்பதை எழுதிவைக்கத்தான் இந்தப் பதிவு.

அன்று நான் கரும்பலகையில் வழக்கமான கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். மக்களவை 543 இடம். அதில் பட்டியல் சாதிக்கு 84, பழங்குடிக்கு 47. தமிழ்நாட்டின் 39 இடத்தில் நமக்கு 7. சட்டமன்றத்தின் 234ல் பட்டியல் சாதிக்கு 44, பழங்குடிக்கு 2. இந்தக் கணக்கை எத்தனை ஊர்களில் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

பி.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த அந்தத் தங்கை கடைசி வரிசையிலிருந்து கை தூக்கினாள். "அண்ணா, மாநிலங்களவைக்கு எத்தனைன்னு எழுதலையே?"

"அதுவும் இருக்கும்மா" என்றேன்.

"எத்தனைண்ணா?"

"பார்த்துச் சொல்றேன்" என்று சமாளித்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டேன். ஆனால் மனதுக்குள் உறுத்தியது. இரவு வீட்டுக்கு வந்ததும் அரசியல் சட்டப் புத்தகத்தை எடுத்தேன். பிரிவு 330 மக்களவைத் தனித்தொகுதிகளைப் பற்றியது. பிரிவு 332 மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றியது. மாநிலங்களவை எப்படி அமைய வேண்டும் என்று சொல்வது பிரிவு 80. அதை இரண்டு முறை படித்தேன். குடியரசுத் தலைவர் 12 பேரை நியமிக்கலாம். இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை என்று துறைகள்கூடக் குறிக்கப்பட்டிருக்கின்றன. நம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாநில மேலவைகளுக்கான பிரிவு 171ஐயும் பார்த்தேன். அங்கே பட்டதாரிகளுக்கு இடம் உண்டு, ஆசிரியர்களுக்கு இடம் உண்டு. நமக்கு இல்லை.

பூஜ்ஜியம். அதைத்தான் அடுத்த ஞாயிறு கரும்பலகையில் எழுதினேன். இத்தனை வருடம் தனித்தொகுதி, தனித்தொகுதி என்று மேடையில் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு நாடாளுமன்றத்தின் பாதிக் கட்டடத்தில் நமக்கு ஒரு நாற்காலியும் ஒதுக்கப்படவில்லை என்பது ஒரு மாணவி கேட்ட பிறகுதான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தை மறைக்காமல் அவர்களிடமே சொன்னேன்.

ஒரு தம்பி கேட்டான்: "இல்லாட்டிப் போகுதுண்ணா. அது தேர்தல்ல தோத்தவங்க போற இடம்தானே?"

நானும் பல காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். கொல்லைப்புற வாசல், ஓய்வுபெற்ற தலைவர்களின் திண்ணை என்று நாமே கேலி பேசியிருக்கிறோம். பண மசோதாவில் அந்த அவைக்கு அதிகாரம் இல்லை என்பதும் உண்மை. பட்ஜெட் வந்தால் 14 நாளுக்குள் பரிந்துரையோடோ பரிந்துரை இல்லாமலோ திருப்பி அனுப்பிவிட வேண்டும். அந்தப் பரிந்துரையை மக்களவை ஏற்காமல் தள்ளிவிடலாம். சாதாரண மசோதாவில் இரண்டு அவைகளும் முட்டிக்கொண்டால் கூட்டுக் கூட்டம் போட்டு எண்ணிக்கை பலத்தில் மக்களவை ஜெயித்துவிடலாம்.

ஆனால் அரசியல் சட்டத் திருத்தம் அப்படி இல்லை. அதற்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. இரண்டு அவைகளும் தனித்தனியாக, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமலும் ஆதரித்தால்தான் நிறைவேறும். மாநிலங்களவை "இல்லை" என்று சொன்னால் கதை முடிந்தது. தோழர்களே, நம் வாழ்க்கை பெரும்பாலும் அரசியல் சட்டத் திருத்தங்களில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1989ல் பஞ்சாயத்து ராஜ் பற்றிய 64வது திருத்த மசோதா வந்தது. ஊராட்சிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு இட ஒதுக்கீடு அதில் இருந்தது. மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காமல் தோற்றது. மாநில உரிமை பறிபோகிறது என்று எதிர்த்தவர்கள் சொன்ன காரணத்தை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்த விவாதத்தில் சேரியின் பக்கமிருந்து எடைபோட ஒதுக்கப்பட்ட குரல் ஒன்றுகூட அந்த அவையில் இல்லை. அதே எண்ணம் வேறு வடிவில் 73வது திருத்தமாக வந்து 1993ல் அமலானது. அதற்குப் பிறகு வந்த தலைவர் நாற்காலிக்காகத்தான் 1997 ஜூன் 30ல் மேலவளவு முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள்.

இரண்டாவது, 2012. பதவி உயர்வில் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீட்டைக் காக்கும் 117வது திருத்த மசோதா. மாநிலங்களவையில் 206 பேர் ஆதரவு, 10 பேர் எதிர்ப்பு. அப்படி நிறைவேறிய மசோதா மக்களவைக்குப் போய் அங்கேயே கிடந்தது. 2014ல் மக்களவை கலைந்தபோது அதுவும் காலாவதியானது. மாநிலங்களவை நிறைவேற்றி மக்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் செத்துப்போகும். இது விதி.

மூன்றாவது, 2019. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினருக்கு 10 சதவீத இட ஒதுக்கீடு தரும் 103வது திருத்தம். ஜனவரி 8ல் மக்களவையில் அறிமுகம், அன்றே நிறைவேற்றம். ஜனவரி 9ல் மாநிலங்களவையில் நிறைவேற்றம். 165 ஆதரவு, 7 எதிர்ப்பு. இரண்டே நாள். அவசரப்படாமல் நின்று நிதானமாக யோசிக்கத்தான் மேலவை என்று பாடப் புத்தகத்தில் படித்தோம். நமக்கான மசோதா ஒன்றரை ஆண்டு கிடந்து சாகும். அவர்களுக்கான மசோதா இரண்டு நாளில் கரையேறும். யோசிப்பவர்கள் யார் என்பதைப் பொறுத்துத்தான் யோசனையின் வேகமும் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே ஒன்று உண்டு. நம் தனித்தொகுதிகளுக்கே ஆயுள் கெடு இருக்கிறது. பிரிவு 334 முதலில் பத்து ஆண்டு என்றது. பிறகு பத்துப் பத்து ஆண்டாக நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள். கடைசியாக 2019ல் வந்த 104வது திருத்தம் 2030 ஜனவரி 25 வரை நீட்டித்திருக்கிறது. அடுத்த நீட்டிப்பும் மாநிலங்களவையைத் தாண்டித்தான் வர வேண்டும். நமக்கு ஒரு தனி இடமும் இல்லாத அவை, நம் தனி இடங்களின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. இதைச் சொன்னதும் கேலி பேசிய தம்பி அமைதியாகிவிட்டான்.

அண்ணல் அம்பேத்கரே அந்த அவையில் உட்கார்ந்தவர்தான். முதல் பொதுத்தேர்தலில் பம்பாய் வடக்கில் அவர் தோற்றார். சட்டம் எழுதிய கைக்கு மக்களவையில் இடம் இல்லாமல் போனது. 1952 ஏப்ரலில் பம்பாய் சட்டமன்றத்தின் வழியாக மாநிலங்களவைக்குப் போனார். 1954ல் பண்டாரா இடைத்தேர்தலிலும் தோற்றார். 1956 டிசம்பர் 6ல் மறையும்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். சிறுபான்மையைக் காக்காவிட்டால் இந்தச் சட்டத்தால் யாருக்கும் பயனில்லை என்று 1953ல் அவர் கொதித்துப் பேசியதும் அந்த அவையில்தான். கொல்லைப்புற வாசல் என்று நாம் கேலி செய்யும் அந்த வாசல் இல்லாவிட்டால், பாபாசாகேப்பின் கடைசி ஐந்தாண்டுக் குரல் நாடாளுமன்றப் பதிவேட்டில் இருந்திருக்காது.

சரி, அந்த வாசல் எப்படித் திறக்கிறது? அடுத்த ஞாயிறு அதைத்தான் பாடமாக எடுத்தோம்.

மாநிலங்களவையில் இப்போது 245 இடம். 12 பேர் நியமனம். மற்ற 233 பேரையும் மாநிலச் சட்டமன்றங்களும், சட்டமன்றம் உள்ள யூனியன் பிரதேசங்களும் தேர்ந்தெடுக்கின்றன. பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெறுவார்கள். தமிழ்நாட்டுக்கு 18 இடம். ஆறு ஆறாகக் காலியாகும். ஓட்டுப் போடுவது நாம் அல்ல, எம்.எல்.ஏ.க்கள். அதுவும் ஒற்றை மாற்று வாக்கு முறையில். ஓட்டுச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. யார் முதல் விருப்பம், யார் இரண்டாவது என்று 1, 2, 3 என எண் போட வேண்டும்.

ஜெயிக்க எத்தனை ஓட்டு வேண்டும்? 234 எம்.எல்.ஏ.க்கள், ஆறு இடம். 234ஐ ஏழால் வகுத்தால் 33.4 வரும். ஆக, 34 பேரின் முதல் விருப்பம் கிடைத்தால் ஒருவர் நிச்சயம் எம்.பி. ஆகிவிடலாம். மிச்சம் இருக்கும் 200 பேர் எதிர்த்தாலும் தடுக்க முடியாது. இந்த முறையின் நோக்கமே அதுதான்: பெரும்பான்மை எல்லா இடத்தையும் வாரிக்கொள்ளக் கூடாது; சிறு கூட்டத்துக்கும் அதன் பங்கு வர வேண்டும்.

கரும்பலகையில் 34 என்று எழுதி முடித்தேன். பக்கத்திலேயே போன வாரக் கணக்கு அழிக்கப்படாமல் இருந்தது. பட்டியல் சாதி எம்.எல்.ஏ.க்கள் 44.

நான் கவனிக்கவில்லை. அந்தத் தங்கைதான் கவனித்தாள். "அண்ணா, நாப்பத்து நாலு முப்பத்து நாலை விடப் பெரிசு."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

தனித்தொகுதியில் ஜெயித்த நம் எம்.எல்.ஏ.க்கள் மட்டும் சேர்ந்து ஓட்டுப் போட்டாலே, ஆறு ஆண்டில் மூன்று முறை வரும் தேர்தலில் ஒவ்வொரு முறையும் ஒருவரை அனுப்பலாம். அதற்கு மேலும் பத்து ஓட்டு கையில் இருக்கும். சட்டத் திருத்தம் வேண்டாம், யாருடைய தயவும் வேண்டாம். 1932 செப்டம்பர் 24ல் எரவாடா சிறையில் போடப்பட்ட பூனா ஒப்பந்தத்தில் நாம் இழந்தது எது? நம் பிரதிநிதியை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமை. இடங்களின் எண்ணிக்கை 148 ஆகக் கூடியது. ஆனால் இறுதியில் யார் ஜெயிப்பது என்பதைச் சாதி இந்துக்களின் ஓட்டுத் தீர்மானிக்கும்படி ஆனது. இன்றும் எல்லாத் தனித்தொகுதியிலும் அதுதான் நிலை. மாநிலங்களவைத் தேர்தலில் மட்டும், நம் பிரதிநிதிகள் தங்கள் ஓட்டை மட்டும் வைத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க எண்ணிக்கையும் இருக்கிறது, முறையும் இருக்கிறது.

இது நடக்காத கனவும் அல்ல. 1946ல் அரசியல் நிர்ணய சபைக்கு மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள். அதுவும் இதே ஒற்றை மாற்று வாக்கு முறை. பம்பாயில் அம்பேத்கருக்கு வழி இல்லை. வங்காளத்தில் ஜோகேந்திரநாத் மண்டல் முன்னின்று, அங்கிருந்த தலித் உறுப்பினர்கள் சிலரின் முதல் விருப்ப ஓட்டுகளைத் திரட்டி அவரை ஜெயிக்கவைத்தார். மண்டலின் ஓட்டு மட்டும் போதாது. வேறு முகாமில் இருந்தவர்களின் ஓட்டும் தேவைப்பட்டது, கிடைத்தது. பிரிவினையால் அந்த இடம் போன பிறகு 1947ல் காங்கிரஸ் அவரைப் பம்பாயிலிருந்து அனுப்பியது. இரண்டாவது முறை அவருக்குக் கதவைத் திறந்தது பெரிய கட்சி. முதல் முறை திறந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய நம் ஆட்கள்.

இதையெல்லாம் படித்த வேகத்தில் நாங்கள் ஒரு காரியம் செய்தோம்.

அடுத்து மாநிலங்களவைத் தேர்தல் வரவிருந்த நேரம். மாநிலங்களவைக்கு மனு போட வேட்பாளருக்கு முப்பது வயது ஆகியிருக்க வேண்டும். பத்து எம்.எல்.ஏ.க்கள் முன்மொழிய வேண்டும். எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருந்தார். மூன்று தலைமுறைப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு வந்தவர். அவரிடம் போய்க் கேட்டோம். முதலில் சிரித்தார். பிறகு, "ஜெயிக்கவா? அதெல்லாம் நடக்காது. ஆனா பத்துக் கையெழுத்து வாங்கிட்டா ஓட்டெடுப்பு நடந்தே ஆகணும், இல்லையா? அதுக்காகச் சரி" என்றார்.

அவர் சொன்னது எவ்வளவு சரி என்பதைப் பிறகு உணர்ந்தேன். தமிழ்நாட்டில் 2019, 2020, 2022, 2025 என எல்லாத் தடவையும் ஆறு இடத்துக்கு ஆறு பேர் மட்டுமே களத்தில் நின்று, போட்டியின்றித் தேர்வானார்கள். ஓட்டுச்சீட்டே அச்சாகவில்லை. யார் போவது என்பது தலைவர்களின் வீட்டில் முடிவாகிவிடுகிறது. ஏழாவதாக ஒரு மனு விழுந்தால் அந்த 44 பேரும் எண் போட்டே ஆக வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளில் 1 முதல் 10 வரை எண் போட்டுக் கோடு கிழித்து, மூன்று வாரம் அலைந்தோம். தனித்தொகுதி எம்.எல்.ஏ.க்கள் பதினொரு பேரைத் தேடிப் போனோம். நான்கு பேர் பார்க்கவே இல்லை. மூன்று பேர் தாளை வாங்கிப் படித்துவிட்டு, தலைமையிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். ஒருவர் எங்களை உளவுத்துறை அனுப்பியதா என்று கேட்டார். இருவர் டீ வாங்கிக் கொடுத்து வேறு பேச்சுப் பேசினார்கள்.

பதினொன்றாவது ஆள் என்னோடு பழைய நாளில் சாலை மறியலில் உட்கார்ந்தவர். எம்.எல்.ஏ. விடுதியில் காலை ஆறரை மணிக்கே அவர் அறைக்கு வெளியே மனுவோடு கூட்டம். எங்களை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கை நிதானமாகப் படித்தார்.

"கணக்கு சரியாத்தான் இருக்கு தம்பி. நாப்பத்து நாலு பேரு இருக்கோம். ஆனா அந்த நாப்பத்து நாலு பேரும் ஒரே அறையில உக்காந்து ஒரு டீ குடிச்சதில்லப்பா."

"ஓட்டு உங்களுது அண்ணே. யாருக்கு வேணும்னாலும் போடலாமே."

"எப்படிப் போடுவோம்னு தெரியுமா? தேர்தல் கமிஷன் ஒரு ஊதா பேனா குடுப்பாங்க. அதுலதான் எண் போடணும். பெட்டில போடறதுக்கு முன்னாடி கட்சி ஏஜெண்ட் கிட்ட விரிச்சுக் காட்டணும். காட்டலைன்னா செல்லாது. ஓட்டுப் போடற கை என்னுது. ஓட்டு என்னுது இல்ல."

நான் விடவில்லை. கொறடா உத்தரவை மீறி மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டால் கட்சித்தாவல் சட்டத்தில் பதவி போகாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பதவி போகாது. அடுத்த தடவை சீட்டு போயிடும். சீட்டு போனாக்கூடப் பரவால்ல தம்பி. உங்க ஊர் சுடுகாட்டுப் பாதை ஃபைல் என்கிட்டதானே இருக்கு? அதுக்கு மந்திரிகிட்ட நான்தானே போகணும்? நான் இதுல கையெழுத்துப் போட்டா, அப்புறம் அந்த ஃபைலை யார் தொடுவாங்க?"

எனக்குப் பதில் வரவில்லை. சுடுகாட்டுக்குப் பாதை இல்லாமல் மழைக்காலத்தில் வயல் வரப்பில் பாடையைத் தூக்கிப் போகிறவர்கள் நாங்கள். அந்த மனுவை எழுதியவனே நான்தான். அவரைத் துரோகி என்று திட்டிவிட்டு வெளியே வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவர் துரோகி இல்லை. ஒரு கட்சி கொடுத்த சீட்டில், மற்றவர்கள் போட்ட ஓட்டில் ஜெயித்து, சேரிக்கு ஒரு பாதை வாங்கித் தரப் பார்க்கிற மனிதர். அவருடைய கையைக் கட்டியிருக்கும் கயிற்றின் மறுமுனை எங்கள் சுடுகாட்டில் கட்டப்பட்டிருக்கிறது.

தாளில் பத்துக் கோடும் காலியாகவே இருந்தன. அந்த முறையும் ஆறு பேர் போட்டியின்றித் தேர்வானார்கள்.

அந்தக் கயிற்றின் ஒரு இழை சட்டத்தில் இருக்கிறது. கட்சி ஏஜெண்டிடம் காட்டும் விதி ஆதியிலிருந்து இருந்ததல்ல. 2003ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, ரகசிய ஓட்டை எடுத்துவிட்டு வெளிப்படை ஓட்டைக் கொண்டுவந்தார்கள். அதே திருத்தத்தில் வேட்பாளர் அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் நீக்கினார்கள். குல்தீப் நய்யார் வழக்கில் 2006ல் உச்ச நீதிமன்றம் இரண்டும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. வெளிப்படை ஓட்டுக்குச் சொன்ன காரணம் குதிரை பேரம்: ரகசியமாக இருந்தால் எம்.எல்.ஏ.க்கள் காசு வாங்கிக்கொண்டு மாற்றிப் போடுகிறார்கள்.

இந்தக் காரணம் பொய் இல்லை. காசு புழங்கியது உண்மைதான். ரகசிய ஓட்டு திரும்பி வந்தால் முதலில் விலை பேசப்படுவது நம் எம்.எல்.ஏ.க்கள்தான் என்று நம் தோழர்களே என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். ஆனால் காசைத் தடுக்க வேறு வழி இப்போது இருக்கிறது. ஜார்க்கண்டில் 2012 மாநிலங்களவைத் தேர்தலையொட்டி எழுந்த சீதா சோரன் வழக்கில், 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓட்டுக்குக் காசு வாங்கினால் சட்டமன்ற உரிமை என்று சொல்லித் தப்ப முடியாது, மாநிலங்களவைத் தேர்தலுக்கும் இது பொருந்தும். திருடனைப் பிடிக்கச் சட்டம் இருக்கும்போது ஊரில் எல்லோர் வீட்டுக் கதவையும் கழற்றிவைக்க வேண்டியதில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஒன்று, மாநிலங்களவையிலும் பட்டியல் சாதி, பழங்குடி இட ஒதுக்கீடு. சுழற்சியில் கொஞ்சம் கொஞ்சமாக இடம் காலியாவதாலும், சில மாநிலங்களுக்கு ஒரே இடம் இருப்பதாலும் முடியாது என்பார்கள். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒருவர் நாம். 18 இடத்தில் மூன்றாவது வர வேண்டும். ஆறு ஆறாகக் காலியாகும்போது ஆறில் ஒன்று என்று வைத்தால் கணக்கு தானாக உட்காருகிறது. சிறிய மாநிலங்களைச் சேர்த்துச் சுழற்சி வைக்கலாம். மனம் இருந்தால் வழி உண்டு. 2023ல் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தந்த 106வது திருத்தமும் மாநிலங்களவையைத் தொடாமல் விட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள்.

இரண்டு, ரகசிய ஓட்டு திரும்ப வேண்டும். எனக்கு முதல் கோரிக்கையைவிட இது முக்கியமாகப் படுகிறது. ஒதுக்கீடு மட்டும் வந்து, ஓட்டு ஏஜெண்டின் கண்ணுக்குக் கீழேயே இருந்தால், அதற்கும் தலைவர் வீட்டில்தான் பெயர் முடிவாகும். டி. ராஜா தமிழ்நாட்டிலிருந்து 2007லும் 2013லும் போனார். அவையில் நமக்காகப் பேசினார். ஆனால் அவர் கட்சியின் சொந்த ஓட்டு போதாது. ஒரு முறை ஒரு கழகமும், மறுமுறை இன்னொரு கழகமும் ஆதரவு தர வேண்டியிருந்தது. நல்லவர் போனார் என்பது மகிழ்ச்சி. அடுத்த நல்லவரும் யாரோ ஒருவர் மனம் வைத்தால்தான் போக முடியும் என்பது நிலைமை.

இதையெல்லாம் வாசிப்பு வட்டத்தில் சொல்லி முடித்தபோது அதே தங்கை மறுபடி கை தூக்கினாள். அவள் அருந்ததியர் தெருப் பெண். "சரிண்ணா, நாப்பத்து நாலு பேரும் சேர்ந்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். அனுப்பற அந்த ஒருத்தர் எந்தத் தெருவுல இருந்து போவாரு? எங்க தெருவுல இருந்தா?"

இந்தக் கேள்விக்கு என்னால் "பார்த்துச் சொல்றேன்" என்றுகூடச் சொல்ல முடியவில்லை. நமக்குள் ஒரு சட்டமன்றம் இருந்தால் அங்கே யாருக்கு எத்தனை இடம் என்று நாம் இதுவரை நேர்மையாகப் பேசியதில்லை. ஆறு ஆண்டில் மூன்று தேர்தல் வருகிறது. மூன்று பேரை அனுப்பலாம். முறை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு கணக்குச் சொன்னேன். "முதல் முறை யாரு?" என்றாள். அந்தக் கேள்வியை அவளே அடுத்த கூட்டத்துக்குத் தலைப்பாக வைத்தாள். இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். முதல் முறை அருந்ததியர் என்று முடிவானது. சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதையும் எழுதிவைக்கிறேன்.

2030 ஜனவரி அதிக தூரத்தில் இல்லை. அதற்குள் உங்கள் மாவட்டத்தில் தனித்தொகுதி எம்.எல்.ஏ. யார் என்று பாருங்கள். நேரில் போங்கள். திட்டாதீர்கள். 34, 44 என்ற கணக்கைக் காட்டுங்கள். பாதை, பட்டா, விடுதி என்று அவரிடம் வேறு மனுவும் கொடுத்திருப்பீர்கள். அந்தத் தயக்கம் உங்களுக்கும் வரும். அதையும் மீறிக் கேளுங்கள். எல்லாக் கட்சியிலும் இருக்கும் நம்மவர்கள் ஒரே அறையில் ஒரு டீயாவது குடிக்கட்டும்.

தலைமையாசிரியர் ஐயா அந்தத் தாளைத் தூக்கிப் போடவில்லை. தன் வகுப்புப் பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறார். போன மாதம் போனபோது எடுத்துக் காட்டினார். மேலே இருந்த தன் பெயரைப் பென்சிலால் அடித்துவிட்டு, இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கீழே பத்துக் கோடும் அப்படியே இருக்கின்றன. எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கு இன்னும் ஜல்லி கொட்டவில்லை.